ஆகாயத்திலும் ஒரு கங்காணி

இலக்கிய விமர்சனம் என்று சொல்லப்படுவது நம்மவரிடையே பெரும்பாலும் செய்யுளையும் கதையையும் சுற்றியே நிற்கிறது. ஓர் ஆசிரியன் கையாண்ட உவமை பொருந்துமா, பாத்திரத்தின் பேச்சு இயல்பாயிருக்கிறதா என்னும் ஆராய்ச்சியில் ஏடுகள் நிரம்புகின்றன. நாம் அதைக் குறை கூற வரவில்லை. ஆனால் ஒரு ஸ்திரீயின் வாழ்நாளில் பத்து வருஷத்தை ஒரே மூச்சில் நிர்ணயித்துவிடும் எழுத்து எது என்று கேட்டால், அது காவியமுமன்று, நாவலுமன்று. வேலைக்கமரும் நாளில் அவள் கையெழுத்திட்டுக் கொடுக்கும் ஒப்பந்தப் பத்திரமேயாகும். அப்பத்திரத்திற்கும் ஆசிரியன் உண்டு, நடை உண்டு. வெளிப்படச் சொல்லும் பொருளோடு சொல்லாமல் மறைக்கும் பொருளும் உண்டு. சில வேளைகளில் கதாசிரியரும் நாணும்படியான கற்பனைகூட உண்டு. அத்தகைய எழுத்தை விமர்சிப்பாரில்லை. ஆகவே, ஆகாய விமானங்களில் பணிபுரியும்பொருட்டு அயல்நாட்டார் ஆட்களை அமர்த்தும் ஒப்பந்தங்களையும், அவற்றைப் பற்றி எழுந்த சில தீர்ப்புகளையும் இவ்வாரம் நாம் இலக்கியமாகவே எடுத்துப் படிக்கத் துணிகிறோம்.

ஜொகூர் பாருவிலிருந்து எழுதும் நமக்கு இவ்விஷயம் தூரத்து விஷயமன்று. 1924-இல் திறக்கப்பட்ட பாலம், நீளம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். அதன்மேல் நாள்தோறும் ஏறத்தாழ மூன்று இலட்சம் மலேசியர் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வருவதாகச் சொல்லப்படுகிறது. விடியுமுன்னரே மோட்டார் சைக்கிள்களும் பஸ்களும் வரிசை கட்டி நிற்கும். தொழிற்சாலைச் சட்டை, மருத்துவமனைச் சட்டை, காவற்காரர் சட்டை ஆகியவற்றினிடையே சாங்கி விமான நிலையத்தை நோக்கிச் செல்லும் பெட்டியும் கொண்டையுமாக ஒன்றிரண்டு பெண்களும் தென்படுவார்கள். 1973-ஆம் வருஷம் வரையில் இரு நாட்டு நாணயமும் ஒன்றுக்கொன்று சரியாக மாறின. இன்றோ சிங்கப்பூர் டாலர் ஒன்றுக்கு மலேசிய வெள்ளி மூன்றுக்கு மேல் கொடுக்க வேண்டியிருக்கிறது. ஒரே வேலையைச் செய்யும் இருவரில் ஒருத்தி செனாயிலிருந்து பறக்கிறாள், ஒருத்தி சாங்கியிலிருந்து பறக்கிறாள் என்பதனால் மட்டும் ஊதியத்தில் இத்தனை வித்தியாசம் நேர்வதை இவ்வூரார் வீட்டுக்கு வீடு அறிவார்கள்.

பாலத்தைக் கடந்து கொத்தனாராகப் போகிறவன் எந்த மண்ணில் வேலை செய்கிறான் என்பதில் சந்தேகமில்லை. அந்த மண்ணின் சட்டம் நல்லதோ கெட்டதோ அவனுக்கு அது பொருந்தும். ஆகாய விமானத்தில் பணிபுரிகிறவள் எந்த மண்ணில் வேலை செய்கிறாள்? கம்பெனி ஒரு நாட்டில். கையெழுத்து இன்னொரு நாட்டில். விமானம் பதிவானது மூன்றாவது நாட்டில். அவள் உறங்கும் ஹோட்டல் நான்காவது நாட்டில். இப்படியிருக்கையில் எந்த நாட்டுச் சம்பளச் சட்டத்தை அவள் காட்டுவாள்? எந்த நாட்டுச் சட்டத்தையும் காட்டவொட்டாமல் எழுதுவதே இவ்வகை ஒப்பந்தத்தின் நடையழகு.

வாசகர்கள் இதைப் புதிய தந்திரமென்று எண்ணிவிட வேண்டாம். நம் முன்னோர்களை மலாயாவுக்குக் கொண்டுவந்தது எது? முச்சலிக்கையும் கங்காணியும். ஒப்பந்தக் கூலி முறை இங்கே 1910-இல் ஒழிந்தது. கங்காணி மூலம் ஆள் சேர்ப்பது அதற்குப் பின்னும் நடந்து, உதவி பெற்றுக் குடியேறுவதை இந்தியச் சர்க்கார் 1938-இல் தடுத்த பிறகுதான் அடங்கிற்று. தோட்டக்காரர் நேரே ஊருக்கு வந்து ஆள் பிடிப்பதில்லை. கங்காணி போய்ப் பிடிப்பான். குற்றம் நேர்ந்தால் அது கங்காணியின் குற்றம், இலாபம் நேர்ந்தால் அது தோட்டத்தின் இலாபம். 1920-களின் கடைசியில் இந்தியத் தொழிலாளருக்கு நாட்கூலி நிர்ணயித்தபோது முக்கியத் தோட்டப் பகுதிகளில் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று வைத்தார்கள். பால் வெட்டும் மரம் ஆண் வெட்டினாலும் பெண் வெட்டினாலும் அதே பாலைத்தான் தந்தது. கூலிதான் ஆளைப் பார்த்து வேறுபட்டது. எந்த ஊரிலிருந்து வந்தவன், எந்தச் சாதி, ஆணா பெண்ணா என்று ஆளை விலைபேசும் பழக்கம் தோட்டத்தோடு ஒழிந்துவிட்டதென்று நினைப்பவர்கள் கீழ்வரும் வழக்கைக் கவனிக்க வேண்டும்.

ஜெட்ஸ்டார் என்பது ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மலிவுக் கட்டண விமானக் கம்பெனி. அதன் விமானங்களில் வேலை செய்ய ஒரு பகுதிச் சிப்பந்திகளைச் சிங்கப்பூரிலிருந்த வலுவேர் என்னும் கம்பெனியும், தாய்லாந்திலிருந்த வேறொரு கம்பெனியும் அமர்த்திக் கொடுத்தன. இவர்கள் ஆஸ்திரேலியாவுக்கு வந்துபோவதோடு நில்லாமல், அந்நாட்டின் ஒரு நகரத்திலிருந்து மற்றொரு நகரத்திற்குச் செல்லும் உள்நாட்டுப் பகுதிகளிலும் பணி செய்தார்கள். அதே நாட்டில் அமர்த்தப்பட்ட ஆஸ்திரேலியச் சிப்பந்திகள் செய்யும் வேலைதான் இவர்களுடையதும். அதே ஆகாயம், அதே பிரயாணி, அதே காப்பி. சம்பளம் மட்டும் அதே அன்று. அந்நாட்டுச் சர்க்காரின் தொழில் நியாயக் கண்காணிப்பு அதிகாரியே, உள்நாட்டுப் பகுதிகளுக்கேனும் ஆஸ்திரேலிய விகிதப்படி சம்பளம் தரவேண்டுமென்று வழக்குத் தொடுத்தார். 2014-இல் ஆஸ்திரேலியக் கூட்டாட்சி நீதிமன்றம் அவ்வழக்கைத் தள்ளிவிட்டது. அயல்நாட்டில் அமர்ந்து, அயல்நாட்டை நிலைக்களமாகக் கொண்ட இச்சிப்பந்திகளை உள்நாட்டுச் சம்பள விதி எட்டாது என்பதே முடிவின் சாரம். சட்ட நூலின் எழுத்தைப் பார்த்து நீதிபதி கொண்ட முடிவு அது. அவர்மேல் நமக்குப் புகாரில்லை. நம் புகார், அப்படிப்பட்ட முடிவுக்கு இடம் வைத்து எழுதப்பட்ட ஒப்பந்தத்தின்மேல். கங்காணி இங்கேயும் இருக்கிறான் என்பதை யோசிப்பவர்கள் காணலாம். தலைப்பாகைக்குப் பதிலாகப் பதிவுபெற்ற கம்பெனிப் பெயர் அணிந்திருக்கிறான், அவ்வளவே.

இதற்கு நேர்மாறாக ஐரோப்பாவில் ஒரு வழக்கு எழுந்தது. அதை விமர்சகன் என்ற முறையில் நாம் மிகவும் இரசித்துப் படித்தோம் என்பதை ஒளிக்கவில்லை. பெல்ஜியத்தில் ஷார்ல்ரூவா என்னும் விமான நிலையம். அங்கே ரையன்ஏர் விமானங்களில் பணிபுரிந்தவர்களுள் சிலர் அக்கம்பெனியாலும், மற்றவர்கள் கிரூலிங்க் என்ற அயர்லாந்து ஏஜென்ஸியாலும் அமர்த்தப்பட்டவர்கள். போர்ச்சுகீசியர், ஸ்பானியர், பெல்ஜியர் ஆகிய பல நாட்டார் அவர்களுள் இருந்தார்கள். அவர்கள் தினமும் புறப்படுவது ஷார்ல்ரூவாவிலிருந்து. திரும்பி வருவதும் அங்கேதான். அந்த நிலையத்திலிருந்து ஒரு மணி நேரப் பிரயாணத்திற்குள் குடியிருக்க வேண்டுமென்று ஒப்பந்தமே கட்டளையிட்டது. ஆனால் அதே ஒப்பந்தம் வேறோரிடத்தில் என்ன சொல்லிற்று? விமானங்கள் அயர்லாந்தில் பதிவானவை. ஆதலால் அவற்றினுள் செய்யப்படும் வேலை அயர்லாந்தில் செய்யப்பட்டதாகவே கருதப்படும் என்றது! புஷ்பக விமானத்தைக் கற்பித்த புராணிகனும் இவ்வளவு துணியவில்லை. அவன் விமானத்தைப் பறக்கவிட்டான். இவர்களோ ஒரு நாட்டையே விமானத்தினுள் மடித்து வைத்துக்கொண்டு பறக்கிறார்கள். பெல்ஜியத்தில் குடியிருந்து, பெல்ஜியத்தில் வாடகை கொடுத்து, பெல்ஜிய விலைக்கு ரொட்டி வாங்கித் தின்னும் பெண், விமானக் கதவு மூடியவுடன் அயர்லாந்துக்காரியாகிவிடுகிறாள். கதவு திறந்தவுடன் மறுபடியும் பெல்ஜிய விலைவாசிக்குத் திரும்பிவிடுகிறாள். 2017 செப்டம்பரில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் இக்கற்பனையை ஒப்பவில்லை. விமானத்தின் பதிவு நாடும் வேலை செய்யும் இடமும் ஒன்றல்ல. எங்கே பணி தொடங்கி எங்கே முடிகிறதோ அந்தத் தாய்நிலையம் முக்கிய அடையாளம். அதைக் கொண்டு தத்தம் நாட்டு நீதிமன்றத்தில் வழக்காடலாம் என்று வழி திறந்தது.

இரு தீர்ப்புகளையும் அடுத்தடுத்து வைத்துப் படிப்பவர்களுக்கு ஒரு விஷயம் விளங்கும். ஷார்ல்ரூவாவில் வேலை செய்தவர்கள் அங்கேயே குடியிருந்தார்கள். ஆகையால் அவர்களைத் தன்னவரென்று சொல்ல ஒரு மண் இருந்தது. ஜெட்ஸ்டார் சிப்பந்திகள் ஆஸ்திரேலியாவில் குடியிருக்கவில்லை. தாய்நிலையம் என்னும் தத்துவம் முதல்வகையாரைக் காக்கும். இரண்டாம் வகையாரைக் காவாது. கப்பலோட்டிகளுக்கு 2006-ஆம் வருஷத்துக் கடல்சார் தொழில் உடன்படிக்கை என்று சர்வதேச ஏற்பாடு ஒன்று இருக்கிறது. தேர்ந்த கடலோடிக்கு உலகு தழுவிய குறைந்தபட்சச் சம்பளம் இன்னதென்று சர்வதேசத் தொழில் ஸ்தாபனத்தின் மூலம் குறிக்கப்படுகிறது. ஆகாயத்தில் வேலை செய்பவர்களுக்கு அப்படி ஓர் ஏற்பாடு இன்றளவும் இல்லை. கடலைவிட ஆகாயத்திற்கு எல்லைக்கோடு எந்த வகையில் தெளிவாயிருக்கிறதென்று நமக்குப் புலப்படவில்லை.

முதலாளிகள் தரப்பிலும் ஒரு நியாயம் சொல்லப்படுகிறது. பாங்காக்கில் குடியிருப்பவளுக்குச் சிட்னிச் சம்பளம் எதற்கு? அங்கே வாடகை குறைவு, அரிசி மலிவு. அவ்வூர் நிலைக்கு அது நல்ல சம்பளமே. அதையும் மறுத்தால் அவளுக்கு வேலையே கிடையாது என்பார்கள். இதை நாம் எளிதில் தள்ளிவிடுவதற்கில்லை. ஜொகூரிலிருந்து பாலம் கடப்பவர்கள் பலரும் இந்தக் கணக்கை நம்பியே போகிறார்கள்; அதனால் வீடு கட்டினவர்களும், பிள்ளைகளைப் படிக்கவைத்தவர்களும் நம்மிடையே உண்டு. ஆயினும், வாழ்க்கைச் செலவுதான் சம்பளத்தின் அளவுகோலென்றால், அதே அளவுகோலைப் பிரயாணியின் சீட்டு விலைக்கும் வைக்கிறார்களா? பாங்காக்வாசி வாங்கும் சீட்டுக்கு அவ்வூர் அரிசி விலை பார்த்து விலை குறைப்பார்களா? அன்றியும், விமானம் தீப்பற்றினால் 90 வினாடிகளுக்குள் எல்லாரையும் வெளியேற்றும் பயிற்சி இவளுக்கும் உண்டு, அவளுக்கும் உண்டு. அந்த 90 வினாடிகளுக்கு ஊருக்கு ஊர் மலிவு விலை கிடையாது. வாழ்க்கைச் செலவுக்கேற்ற வித்தியாசம் ஓரளவு இருக்கலாம் என்று வாதத்திற்காக ஒப்புக்கொண்டாலும், ஒரே விமானத்தில், ஒரே பகுதியில், ஒரே நாட்டினுள் பறக்கும்போதும் அது தொடர வேண்டுமென்பதற்கு இலாபத்தைத் தவிர வேறு காரணம் நமக்குத் தோன்றவில்லை.

நிற்க. சம்பளப் பத்திரத்தின் உள்ளமைப்பையும் சற்றுப் பார்ப்போம். இத்தொழிலில் அடிப்படைச் சம்பளம் சிறிது. பறக்கும் நேரத்துக்கான படியும் வெளியூர்ப் படியும் பெரிது. மலேசியாவில் பிரயாணப்படி ஊழியர் சேமநிதிக் கணக்கில் சேராது. எனவே இளமையில் கைக்கு நிறைய வருவதுபோலத் தோன்றுவது முதுமைக்கு வந்து சேருவதில்லை. பறந்தால் படி, பறக்காவிட்டால் இல்லை. 2020 மார்ச் 18-ஆம் தேதி பாலம் அடைபட்டு விமானங்களும் தரையிறங்கியபோது, கைநிறையச் சம்பளம் என்று ஊரார் பொறாமைப்பட்ட தொழிலின் அடிப்படை எவ்வளவு மெல்லியது என்பது வெளிப்பட்டது. அவ்வருஷம் செப்டம்பரில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் குழுமம் சுமார் 4,300 பதவிகளைக் குறைப்பதாக அறிவித்தது. காலியிடங்களை நிரப்பாமை, தாமே விலகுதல் முதலியவை போகச் சுமார் 2,400 பேர் வேலையிழக்கும் நிலை. எஞ்சியவர்களுள் சிலர் மருத்துவமனைகளில் உதவியாளராகச் சென்றார்கள். வேலை அனுமதிச் சீட்டின்மேல் வாழும் அயல்நாட்டாருக்கோ வேலை போனால் அனுமதியும் போகிறது.

வேறு சில தேசங்களில், குறிப்பாக வட அமெரிக்காவில், விமானம் நகர்ந்த பின்னரே மணிக்கணக்கு ஆரம்பமாகும் வழக்கம் நெடுநாளாக இருந்து வருகிறது. பிரயாணிகளை ஏற்றுவது, மூட்டைகளை அடுக்க உதவுவது, அழும் குழந்தைக்கு இடம் பார்த்துக் கொடுப்பது எல்லாம் கணக்கில் வராத புண்ணிய கைங்கரியங்கள். 2025 ஆகஸ்டில் ஏர் கனடாவின் சிப்பந்திகள் ஏறத்தாழ 10,000 பேர் வேலை நிறுத்தம் செய்ததற்கு இந்தத் தரைவேலையும் ஒரு பெருங்காரணம். வேலைக்குத் திரும்புமாறு சர்க்கார் தலையிட்டும் அவர்கள் உடனே மசியவில்லை. சில நாட்களில் கம்பெனி பேச்சுக்கு வந்தது.

இனி விளம்பரம் என்னும் இலக்கியத்துக்கு வருவோம். 1972-இல் மலேசியா–சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இரண்டாகப் பிரிந்தபின், சிங்கப்பூர்க் கம்பெனி தன் விளம்பரத்தின் நடுவில் சாரோங் கெபாயா உடுத்த ஒரு பெண்ணை நிறுத்திற்று. அவ்வுடையை 1968-இல் அமைத்தவர் பாரிஸ் நகரத்து பியர் பால்மான். 1993-இல் லண்டன் மெழுகுச் சிலைக் காட்சியிலும் அப்பெண்ணுக்கு உருவம் வைத்தார்கள். விளம்பரக் கலையில் இது பெரும் வெற்றி என்பதில் ஐயமில்லை. படத்தின் நிதானமும் சொற்சுருக்கமும் பாராட்டத்தக்கவையே. ஆனால் அந்தப் பாத்திரத்தை விமர்சகன் உற்றுப் பார்க்க வேண்டும். அவள் எப்போதும் ‘பெண்’. ஒரு நாளும் ‘ஊழியர்’ அல்லள். அவளுக்கு வயதாவதில்லை, கால் வலிப்பதில்லை, வீட்டில் பிள்ளை அழுவதில்லை. மெழுகுக்குப் பிரசவம் உண்டா? உண்மையில் அந்த வேலையைச் செய்த பெண்கள் கருவுற்றால் வேலையை விடவேண்டும் என்ற நிபந்தனை 2022 ஜூலை வரையில் அக்கம்பெனியில் இருந்தது. அதன்பின்னரே கருவுற்றவர் தரையில் வேலை பார்த்துவிட்டுப் பிரசவ விடுமுறைக்குப் பின் மீண்டும் பறக்கலாம் என்று மாற்றினார்கள். ஐம்பது வருஷம் விளம்பரம் எழுதிய பொய்யை நிபந்தனை நிஜமாக்கிக்கொண்டே வந்தது என்று சொன்னால் மிகையாகாது.

நம் நாட்டுக் கதையும் இதற்குக் குறைந்ததன்று. மலேசியா ஏர்லைன்ஸ் கம்பெனியில் 1980-இல் சேர்ந்த பீட்ரிஸ் பெர்னாண்டஸ் என்னும் பணிப்பெண் 1991-இல் கருவுற்றார். கருவுற்றால் இராஜிநாமாச் செய்யவேண்டும், செய்யாவிடில் நீக்கப்படுவர் என்று தொழிற்சங்கத்துக்கும் கம்பெனிக்கும் ஏற்பட்ட கூட்டு ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தது. தொழிலாளரைக் காக்கவென்று ஏற்பட்ட சங்கம் ஒப்பமிட்ட ஏட்டில் இவ்வாசகம் இருந்ததென்பதை வாசகர்கள் ஒருமுறைக்கு இருமுறை படிக்கவேண்டும். அவர் இராஜிநாமாச் செய்ய மறுத்தார், நீக்கப்பட்டார், நீதிமன்றம் ஏறினார். 2001-இல் அரசியல் சாசனத்தின் 8-ஆம் விதியில் பால் வேற்றுமை கூடாதென்ற சொல்லும் சேர்க்கப்பட்டது. எனினும் 2005-இல் கூட்டரசு நீதிமன்றம், சாசனம் சர்க்காரின் செயலைத்தான் கட்டுப்படுத்தும், கூட்டு ஒப்பந்தம் ‘சட்டம்’ ஆகாது என்ற வகையில் அவர் முறையீட்டைத் தள்ளிற்று. பதினான்கு வருஷம்! வயிற்றிலிருந்த குழந்தை உயர்நிலைப் பள்ளிக்குப் போகும் வயது.

அதற்கு இருபத்துநான்கு வருஷத்துக்கு முன்னரே, 1981-இல், ஏர் இந்தியா பணிப்பெண்கள் தொடுத்த நர்கேஷ் மீர்சா வழக்கில் இந்திய உச்சநீதிமன்றம் முதல் கருவோடு வேலை போகும் என்ற விதியை அடித்துவிட்டது; அது இந்தியப் பெண்மைக்கே இழைக்கப்படும் அவமதிப்பு என்ற பொருள்படக் கடுஞ்சொல்லும் உரைத்தது. ஆனால் அத்தீர்ப்பையும் முழுமையாகப் புகழ நமக்கு வாய் வரவில்லை. அதே தீர்ப்பு, சேர்ந்த நான்கு வருஷத்துக்குள் மணம் செய்யலாகாது என்ற விதியை நிலைநிறுத்தியது. குடும்பக் கட்டுப்பாட்டுக்குக்கூட அது நல்லதென்று காரணம் காட்டிற்று. ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பாதி எடுத்துக்கொண்ட தீர்ப்பு. அதைவிட நம் பொருளுக்கு மிகவும் ஒட்டியது வேறொன்று: பிரிட்டனில் அமர்த்தப்பட்ட ஏர் இந்தியாப் பணிப்பெண்களுக்கு, அந்நாட்டுச் சட்டம் காரணமாக, நிபந்தனைகள் வேறாயிருந்ததும் அவ்வழக்கில் பேசப்பட்டது. ஒரே கம்பெனி, ஒரே சேலை, லண்டனில் சேர்ந்தவளுக்கு ஒரு நியாயம், பம்பாயில் சேர்ந்தவளுக்கு ஒரு நியாயம். சட்டம் பலமாயிருக்கும் ஊரில் கம்பெனி பணிகிறது. பலவீனமாயிருக்கும் ஊரில் பணியவைக்கிறது. கத்தார் ஏர்வேஸ் ஒப்பந்தத்தில் மணத்துக்கும் கருவுக்கும் இருந்த நிபந்தனைகளைச் சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் 2015-இல் கண்டித்ததும் இவ்வரிசையில் சேர்ந்ததே. அக்கம்பெனிக்கு ஆட்கள் பல தேசங்களிலிருந்தும் போகிறார்கள். அங்கே கூடிப் பேசச் சங்கந்தான் இல்லை.

இவ்வளவும் நடந்திருக்க, தமிழ் இலக்கியம் இதை எங்கே பதித்திருக்கிறது என்று தேடினோம். கடல் கடந்து கூலிக்குப் போனவர்களைப் பற்றி நம் மொழியில் பெருமை கொள்ளத்தக்க எழுத்து உண்டு. பாரதியார் பிஜித் தீவின் கரும்புத் தோட்டத்துப் பெண்களைப் பாடினார், புதுமைப்பித்தன் ‘துன்பக்கேணி’யில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தைக் காட்டினார், அகிலன் ‘பால்மரக் காட்டினிலே’ என்று இந்நாட்டு ரப்பர்த் தோட்டங்களை நாவலாக்கினார். அவற்றின் வலிமை இரக்கத்தில் இருக்கிறது. படிப்பவன் கண்ணீர் விடுவான், விடத்தான் வேண்டும். ஆனால் விமானப் பணிப்பெண்ணைப் பார்த்து எவன் கண்ணீர் விடுவான்? அவள் நறுமணம் பூசியிருக்கிறாள், சிரிக்கிறாள், லண்டனையும் டோக்கியோவையும் பார்த்துவருகிறாள். கந்தலும் காயமும் இருந்தால்தான் நம் கதாசிரியர்களுக்குச் சுரண்டல் கண்ணுக்குப் படும்போலும்! சினிமாவிலோ அவள் கதாநாயகன் பார்த்து மயங்குவதற்கு வந்துபோகும் ஒரு காட்சி. இரக்கத்தைத் தவிர வேறு கருவி கையில் இல்லாத இலக்கியம், சிரித்துக்கொண்டே சம்பளம் இழக்கிறவளிடம் வந்தவுடன் ஊமையாகிவிடுகிறது. அவளைப் பற்றி எழுதுபவனுக்குக் கண்ணீரோடு கணக்கும் தெரிந்திருக்க வேண்டும்: அடிப்படை எவ்வளவு, படி எவ்வளவு, எந்த நிமிஷத்திலிருந்து மணி ஓடுகிறது, எந்த ஊர்ச் சட்டம் என்பதெல்லாம்.

மலேசியாவில் 2023 ஜனவரி முதல் நடப்புக்கு வந்த வேலைச்சட்டத் திருத்தம், கருவுற்றவளைச் சில குறித்த காரணங்களுக்கன்றி நீக்கலாகாது என்கிறது. பிரசவ விடுமுறையை 60 நாளிலிருந்து 98 நாளாக்கியிருக்கிறது. சிங்கப்பூரில் வேலையிட நியாயத்துக்கான சட்டம் 2025 ஜனவரியில் பார்லிமெண்டில் நிறைவேறியது. இரண்டும் நல்லவையே. ஆனால் ஸ்கூடாயிலோ மாசாயிலோ வீடு வைத்துக்கொண்டு, அக்கரைக் கம்பெனிக்குக் கையெழுத்திட்டு, வேறொரு நாட்டின் ஆகாயத்தில் உணவு பரிமாறும் ஒருத்திக்குச் சம்பளத்தில் தகராறு வந்தால், அவள் ஜொகூர் பாருவிலுள்ள தொழில் இலாகாவின் படியேறினால் பாலத்துக்கு அப்பால் போ என்பார்கள். பாலத்துக்கு அப்பால் போவதற்கு அவளிடம் இருக்க வேண்டிய அனுமதிச் சீட்டோ, தகராறு வந்த கம்பெனி எடுத்துக் கொடுத்ததாகும்.